அடுத்த அறைக்குச் சுற்றுவழி

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் எங்காவது ஜேசிபி பள்ளம் தோண்டினால் படப்பையில் எங்கள் தெருவுக்கு நெட் போய்விடும். போன ஆடியில் அப்படி ஒரு சாயங்காலம், மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் போனைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

"அண்ணா, கேமரா செத்துப்போச்சு போலிருக்கு. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல."

மேலே போய்ப் பார்த்தேன். கேமரா சாகவில்லை. ஹாலில் ஃபிரிட்ஜின் தலையில் குந்தியபடி, ஆள் நடக்க நடக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தது. ரவுட்டரிலும் விளக்குகள் எரிந்தன. ஒன்று மட்டும் சிவப்பு. ஆனால் அடுக்களை வாசலில் நின்று ஆப்பைத் திறந்தால் நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது, பிறகு 'டிவைஸ் ஆஃப்லைன்' என்று வந்து நிற்கிறது. கேமராவுக்கும் போனுக்கும் நடுவே பத்தடி. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றன.

அவளுடைய மாமியார், பேரனைப் பார்த்துக்கொள்ளச் செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருப்பவர், சுவரில் சாய்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்: "ஏந்தம்பி, எட்டிப் பாத்தா தெரியுற தூரம். இதைக் காட்டறதுக்கு அது எதுக்கு ரோட்டுக் கம்பியைக் கேக்குது?"

விவரம் தெரிந்தவர்களே மழுப்பிவிட்டு நகரும் கேள்வி. நேரான பதில், கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான். கேட்கும்படி செய்து விற்கிறார்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதற்குக் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, கொஞ்சம் வியாபாரமும் இருக்கிறது. அன்றைக்கு அந்த அம்மாவிடம் "நெட் வந்தா சரியாயிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் நம்பவில்லை.

இந்த வீட்டுக்குக் கேமரா வந்த கதை இந்த வட்டாரத்தில் பல வீடுகளின் கதை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. நோக்கியா 2014இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் அந்த வட்டாரத்தில் போன் செய்யும் வேலை நிற்கவில்லை. ஏரிப் பாசன ஊராக இருந்த படப்பை, இப்போது கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு எழுந்து, கம்பெனி பஸ் திரும்பும் நேரத்துக்குத் தூங்குகிறது. மாடி வீட்டில் அவன் வண்டித் தொழிற்சாலையில், அவள் போன் பாகம் பொருத்தும் லைனில். ஒரு வாரம் ஏ ஷிஃப்ட், ஒரு வாரம் பி, ஒரு வாரம் நைட். இருவர் ஷிஃப்டும் ஒட்டி வரும் வாரங்களில் அந்த வீட்டில் பெரியவரும் ஒன்பது மாதக் குழந்தையும்தான். அப்படி ஒரு வாரத்தில் மாமியார் பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டைப் பிசகிக்கொண்டார். அடுத்த சம்பளத்தில் கேமரா வாங்கிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. பல தொழிற்சாலைகளில் உள்ளே போகும்போது செக்யூரிட்டி போனின் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார். சில இடங்களில் போனையே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போகவேண்டும். தன் சரக்கைப் பிறர் கேமரா பார்த்துவிடக்கூடாது என்பதில் கம்பெனிக்கு அவ்வளவு எச்சரிக்கை. அந்தப் பெண் டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்து, ஸ்டிக்கர் ஒட்டிய போனில், ஸ்டிக்கர் ஒட்டாத தன் வீட்டு ஹாலைப் பார்க்கிறாள்.

வேலை நேரம் ஒழுங்கில்லாதவர்களுக்குத்தான் இந்த யோசனை முதலில் தோன்றியது என்பதற்கு வரலாறே உண்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர் இருந்தார். அவரும் கணவரும் நேரங்கெட்ட நேரங்களில் வேலைக்குப் போய் வருபவர்கள்; போலீஸைக் கூப்பிட்டால் சீக்கிரம் வராத வட்டாரம். வாசற்கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா, படுக்கையறையில் ஒரு திரை, பேச மைக், படுத்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான் என்று இருவரும் சேர்ந்து வடிவமைத்து, 1966இல் காப்புரிமை கேட்டார்கள். 1969 டிசம்பரில் கிடைத்தது. ஒரு அறையில் இருந்துகொண்டு வேறொரு இடத்தைப் பார்ப்பது என்பதன் வீட்டு வடிவம் அதுதான். அதில் படம் வீட்டு வாசலிலிருந்து வீட்டுப் படுக்கைக்கு வந்தது. வேறெங்கும் போகவில்லை.

இன்னொரு முன்னோடி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் இருந்த காப்பி மெஷின். ட்ரோஜன் ரூம் என்ற அறையின் பக்கத்தில் அது இருந்தது. மற்ற மாடிகளில் வேலை செய்தவர்கள் படி இறங்கி வந்து பார்த்தால் ஜாடி காலியாக இருக்கும். 1991இல் இரண்டு ஆய்வாளர்கள் அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஜாடியைப் பார்க்க ஒரு கேமராவை நிறுத்தி, அதை ஒரு கணினியோடு இணைத்து, பால் ஜார்டெட்ஸ்கி படத்தை அனுப்பும் நிரலையும், குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர் அதை வாங்கிக் காட்டும் நிரலையும் எழுதினார்கள். படம் 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூன்று முறை மாறும். காப்பி இருக்கிறதா இல்லையா என்று தெரிய அது போதும்.

அந்த ஏற்பாட்டுக்கு இணையம் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். வலைத்தளம் என்ற ஒன்று அப்போது வெளியுலகில் அநேகமாக யாருக்கும் தெரியாது. படம் கட்டடத்துக்குள் இருந்த நெட்வொர்க்கிலேயே ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குப் போனது. செய்யாறு அம்மா கேட்ட கேள்விக்கு 1991லேயே சரியான விடை எழுதியாகிவிட்டது. 1993 நவம்பரில்தான் வேறு இருவர், டேனியல் கார்டனும் மார்ட்டின் ஜான்சனும், அந்தப் படத்தை வலையில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தக் காப்பியை ஒரு வாய்கூடக் குடிக்கப்போகாத லட்சக்கணக்கானவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து ஜாடியைப் பார்த்தார்கள். 2001 ஆகஸ்ட் 22இல் கேமராவை அணைத்தார்கள். பழுதாகிப்போன அந்த மெஷினை ஜெர்மனியின் ஷ்பீகல் பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.

அங்கே முதலில் உள்ளே பார்த்தார்கள், பிறகு வெளியே காட்டினார்கள். நம் வீட்டுக் கேமராக்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. ஏன்?

தொழிற்சாலை கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இன்டர்காம் எண் இருக்கும். பெயின்ட் ஷாப்புக்கு 105 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர் 105ஐ அழுத்தினால் பெயின்ட் ஷாப் எடுக்கும். ஆனால் படப்பை பஸ் ஸ்டாண்டில் நின்று 105 என்றால் அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு 105 உண்டு. நம் வீட்டு ரவுட்டர் கேமராவுக்குக் கொடுக்கும் முகவரியும் அப்படித்தான். 192.168 என்று தொடங்கும் அந்த முகவரி என் வீட்டிலும் இருக்கிறது, உங்கள் வீட்டிலும் இருக்கிறது. உள்ளே மட்டும் புழங்குவதற்கென்று 1990களில் ஒதுக்கி வைத்த எண்கள் அவை. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகம் முழுமைக்குமான பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரே வெளி முகவரி, உள்ளே இருக்கும் பத்துப் பதினைந்து கருவிகளும் அதைப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று ஆயிற்று.

பகிர்வை மேற்பார்வை பார்ப்பது ரவுட்டர். அது கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி. உள்ளிருந்து யாராவது வெளியே பேசினால், 'இன்ன எண்காரர் இன்னாரிடம் பேசினார்' என்று நோட்டில் எழுதிக்கொள்ளும். பதில் வந்தால் நோட்டைப் பார்த்து உரியவரிடம் விடும். வெளியிலிருந்து தானாக ஒருவர் வந்து கதவைத் தட்டினால் நோட்டில் பெயர் இருக்காது, திருப்பி அனுப்பிவிடும். ஒரகடத்தில் டீ பிரேக்கில் இருக்கும் அந்த மாடி வீட்டுப் பெண்ணின் போன் அப்படித் திருப்பி அனுப்பப்படும் ஆள்தான். இது போதாதென்று, முகவரித் தட்டுப்பாட்டால் பல இணைய நிறுவனங்கள் தெருவுக்கே ஒரு முகவரி என்று பகிர்ந்து கொடுக்கின்றன. அதாவது வீட்டு கேட்டுக்கு வெளியே இன்னொரு பெரிய கேட். அதன் சாவி நம்மிடம் இல்லை.

கேமரா செய்பவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. கேமரா மின்சாரம் வந்ததும் முதல் வேலையாகத் தன் கம்பெனியின் சர்வரை அழைத்து, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிவிடும். அந்த இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். போனும் அதே சர்வரை அழைக்கும். இரண்டும் உள்ளிருந்து வெளியே போன அழைப்புகள் என்பதால் இரு பக்கத்து செக்யூரிட்டியும் தடுக்கமாட்டார்கள். நடுவில் நிற்கும் சர்வர் கல்யாணத் தரகர் மாதிரி, இவர் முகவரியை அவருக்கும் அவர் முகவரியை இவருக்கும் சொல்லி வைக்கும். ஒத்துவந்தால் படம் அதற்குப் பிறகு நேராகவே கேமராவிலிருந்து போனுக்குப் போகும். ஒத்துவராவிட்டால் தரகர் வழியாகவே கடைசிவரை போகும்.

ஆக, ஒரகடத்திலிருந்து பார்க்க இந்தத் தரகர் தேவை. அடுக்களையிலிருந்து ஹாலைப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் பல ஆப்கள் ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதே இல்லை. முதலில் சர்வரிடம் போய்க் கையெழுத்துப் போடு, அப்புறம் பேசலாம் என்கின்றன. ஜேசிபி கம்பியை அறுத்த மாலையில் பத்தடி தூரத்தை அந்தப் போன் கடக்க முடியாமல் நின்றது அதனால்தான். கையெழுத்து வாங்குவதில் கம்பெனிக்கு லாபம் உண்டு: கணக்கு, விளம்பரம், மாதச் சந்தாவுக்குச் சேமிப்பு இடம். நேர்வழி வைத்துக் கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வைக்கும் கேமராக்களும் சந்தையில் இருக்கின்றன. பெட்டியில் பெரிய எழுத்தில் எத்தனை மெகாபிக்சல் என்று போடுகிறார்கள். நெட் இல்லாமல் வீட்டுக்குள் பார்க்க முடியுமா என்பதை ஒருவரும் போடுவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேறொரு குறையும் இருந்தது. "நான் பாக்கும்போது அத்தை கதவைத் திறக்கற மாதிரி தெரியும். போன்ல கேட்டா 'அப்பவே திறந்துட்டேனே' ங்கறாங்க. படம் எங்கெங்கேயோ சுத்தி வருதில்ல, அதான் லேட்டா?"

சுற்றி வருவது உண்மை. தாமதத்துக்கு அது காரணமில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002இலிருந்து ஓடும் கேபிள் ஒன்றின் நீளம் 3,200 கிலோமீட்டர். படம் அதில் போய்த் திரும்பி வந்தாலும் பயணத்துக்கு ஆவது 32 மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. படப்பையிலிருந்து ஒரகடத்துக்கு இருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை அது சிங்கப்பூர் வழியாகக் கடந்தால்கூட நமக்குத் தெரியப்போவதில்லை.

நேரம் பிடிப்பது மூட்டை கட்டுவதற்கும் பிரிப்பதற்கும். ஒரு சாதாரண ஹெச்டி படத்தில் 1920க்கு 1080, அதாவது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட். நொடிக்கு 25 படம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 124 கோடி பிட். இதை அப்படியே அனுப்ப சாதாரண வீட்டு இணைப்பால் ஆகாது. ஆனால் கேமரா அனுப்புவது பெரும்பாலும் நொடிக்கு 20 லட்சம் பிட் அளவில்தான். அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிவிடுகிறது.

எப்படி? ஹாலை ஒரு நொடி பாருங்கள். சுவர் அசையவில்லை, பீரோ அசையவில்லை, காலண்டர் அசையவில்லை. முதல் படத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்தடுத்து 'மாறியது இவ்வளவுதான்' என்று மட்டும் சொன்னால் போதும். நடந்துபோன பெரியவர் இருந்த இடத்திலிருந்து இத்தனை புள்ளி இடப்பக்கம் நகர்ந்தார் என்று ஒரு குறிப்பு. சுவருக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். 2003இல் வெளிவந்த ஹெச்.264 என்ற முறை இதைத்தான் செய்கிறது. இந்த முறையில் இடையில் ஒரு துண்டு தொலைந்தாலோ தாமதித்தாலோ பின்னால் வரும் குறிப்புகளெல்லாம் பொருளற்றுப் போகும். அதனால் போன் ஒரு நொடி, இரண்டு நொடிக்கான சரக்கை முன்கூட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். மாமியார் கதவைத் திறந்தது அந்தக் கிடங்கில் கொஞ்ச நேரம் காத்திருந்தது.

சேமிப்புக் கணக்கும் இதிலேயே வந்துவிடும். நொடிக்கு 20 லட்சம் பிட் என்றால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. கேமராவில் 64 ஜிபி மெமரி கார்டு போட்டால் மூன்று நாள் தாங்காது. மூன்றாம் நாள் முடிவதற்குள்ளேயே முதல் நாளின் மேல் எழுதத் தொடங்கிவிடும். "ஒரு மாசப் பதிவு இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரே" என்றால், அசைவு இருந்தால் மட்டும் பதிவது என்று வைத்திருப்பார்.

அந்த அசைவு சமாசாரம் படப்பையில் தனிக்கூத்து. முதல் வாரம் ராத்திரியெல்லாம் அவள் போனுக்கு 'ஆள் நடமாட்டம்' என்று தகவல் வந்துகொண்டே இருந்தது. நைட் ஷிஃப்டில் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டு எழுப்பியிருக்கிறாள். நடமாடியது பல்லி. இருட்டில் பார்க்க, கேமரா தன் முகத்தைச் சுற்றி இருக்கும் சின்ன விளக்குகளிலிருந்து அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மங்கிய சிவப்பாக மட்டும் தெரியும் ஒளி. அதில் வரும் கதகதப்புக்கும் பூச்சிக்கும் பல்லி வந்து ஒட்டிக்கொள்கிறது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. லென்ஸுக்கு இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும் பல்லியின் வால் மேல் விழும் வெளிச்சம், பன்னிரண்டடி தள்ளி நிற்கும் மனிதர் மேல் விழுவதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். முன்படத்தையும் பின்படத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் மணியடிக்கும் எளிய கேமராவுக்கு அந்த வால் ஒரு திருடன்தான். சிலந்தி நூல் காற்றில் ஆடினாலும் அதே கதை. வாரம் ஒருமுறை ஒட்டடை அடித்ததும் பாதித் தகவல்கள் நின்றன.

இரவுப் படத்தால் ஒரு மனத்தாங்கலும் வந்தது. மருமகள் ஒருநாள் இரவுப் பதிவை மாமியாரிடம் காட்டப்போக, அவர் முகம் மாறிவிட்டது. "என்னை ஏன் வெள்ளைப் புடவையில காட்டுது இது? அவர் ஊர்ல நல்லாத்தானே இருக்காரு?" உண்மையில் அவர் கட்டியிருந்தது கரும்பச்சை நைலக்ஸ். படத்தில் வெளுத்த வெள்ளை. துணிக்குப் போடும் சாயங்கள் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கும்படி தேர்ந்தெடுத்தவை. அகச்சிவப்பை அவற்றில் பல தொடுவதே இல்லை. அந்த ஒளி சாயத்தைத் தாண்டி நூலில் பட்டுத் திரும்பி வந்துவிடும். கேமராவுக்குத் தெரிவது சாயம் போடாத புடவை. பகலில் இந்தக் குழப்பம் வராமலிருக்க லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும்; இருட்டியதும் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு அது விலகும். அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்து, டிவி ரிமோட்டின் முனையைப் போனின் முன்பக்கக் கேமராவில் காட்டி மினுக்க வைத்து, ஒருவழியாக விளக்கினேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் இரவு விளக்கணைத்ததும் கேமரா மேல் ஒரு துண்டு விழுந்தது.

அந்தத் துண்டை நான் எடுக்கச் சொல்லவில்லை. சட்டமும் ஏறக்குறைய அவர் பக்கம்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் சொல்லியாகிவிட்டது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை ஒப்புதலின்றிப் படம் பிடித்தாலோ அனுப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2025இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம், சேர்ந்து வசிக்கும் வீட்டுக்குள் மற்றவரின் ஒப்புதல் இல்லாமல் கண்காணிப்புக் கேமரா இயக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சென்னையில் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று தெருவெங்கும் கேமரா வைக்கச் சொன்னதெல்லாம் தெருவைப் பார்க்க. கூடத்தில் படுத்துத் தூங்குபவர் தெரு அல்ல.

கேமராவைப் பார்ப்பது யார் என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சர்வர் தரகர் வேண்டாம் என்று சிலர் ரவுட்டரில் ஒரு கதவை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிடுகிறார்கள். யாராவது வந்து தட்டினால் நேரே கேமராவிடம் விடு என்று செக்யூரிட்டிக்கு உத்தரவு. இது தரகரைவிட மோசம். திறந்த கதவுகளைத் தேடி இணையத்தில் நாள் முழுதும் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு. 2016இல் பரவிய மிராய் என்ற நிரல் அப்படித் தட்டி, கம்பெனியில் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகளில் 60க்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தது. 'அட்மின்', 'அட்மின்' என்று இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடிபட்ட கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளுமாகச் சேர்ந்து டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் ஒரே நேரத்தில் பாய்ந்ததில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. மிராயை எழுதியவர்கள் ஆன்லைன் விளையாட்டு சர்வர் போட்டியில் ஊறிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். இந்தியாவில் 2024 ஏப்ரலில் அறிவித்து 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த விதியின்படி, கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறித்தான் சந்தைக்கு வரவேண்டும். அதற்கு முன்பு வாங்கி மாட்டியவை மாட்டிய இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது பாஸ்வேர்டை மாற்றுவது. இதை எழுதும் நான் என் வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றியது போன மாதம்தான்.

செய்யாறு அம்மாவின் கேள்விக்குத் தாமதமாகத்தான் பதில் சொன்னேன். அவருக்குத் தேவைப்பட்டது ஹாலைப் பார்ப்பதல்ல. குழந்தை படுக்கையறைத் தூளியில் தூங்கும்போது, அடுக்களையில் மிக்ஸி ஓடினால் அழுகை கேட்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து எட்டிப் பார்ப்பதில் முட்டி தேய்கிறது. அதாவது காப்பி ஜாடிப் பிரச்சினை.

என்னிடம் திரை விரிசல் விட்ட பழைய போன் ஒன்று இருந்தது. ஐபி வெப்கேம் என்ற ஆப்பைப் போட்டு, தூளிக்கு எதிரே பீரோ மேல் சாய்த்து வைத்தேன். அது திரையில் தன் முகவரியைக் காட்டியது: 192.168.1.7, பக்கத்தில் 8080. அவர் போனில் பிரவுசரைத் திறந்து அந்த எண்ணை அடித்ததும் தூளி தெரிந்தது. கணக்குத் தொடங்கவில்லை, ஓடிபி வரவில்லை. ரவுட்டர் நாளைக்கே வேறு எண் கொடுத்துவிடும் என்பதால், அந்தப் போனுக்கு எப்போதும் 7தான் என்று ரவுட்டரின் அமைப்பில் கட்டிவைத்தேன். இந்த ஆப் 'மாறியது மட்டும்' கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு படத்தையும் தனித்தனிப் புகைப்படமாக அனுப்பிவிடும். சுமை பல மடங்கு அதிகம், ஆனால் வீட்டு வைஃபைக்குள் போகும் சுமைக்கு யாரும் பில் போடுவதில்லை. முந்தைய படத்துக்காகக் காத்திருக்க வேண்டாததால் தாமதமும் அரை நொடி அளவில் நிற்கிறது. பழைய போனை நாள் முழுதும் சார்ஜரில் விட்டால் பேட்டரி உப்பும். தூளி ஆடும் நேரத்துக்கு மட்டும் செருகச் சொன்னேன். பின்பக்க மூடி மேடிட்டால் உடனே தூக்கிப்போடவும் சொன்னேன். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிக்கொண்டார்கள், கரண்ட் போனால் வைஃபையும் போய்விடக்கூடாதே என்று.

ஐப்பசி மழையில் மறுபடி எங்கோ கம்பி அறுந்தது. ரவுட்டரில் சிவப்பு விளக்கு. நான் வாடகை ரசீது கொடுக்க மாடிக்குப் போயிருந்தேன். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், உப்பு ஜாடியில் சாய்ந்து போன் நின்றது, அதில் தூளி. குக்கர் இரண்டு விசில் அடித்திருந்தது. தூளியின் துணி ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நெளிந்தது. மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு, முட்டியைப் பிடித்தபடி எழுந்து போனார். படத்தில் அவர் தூளிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தபோது, உள்ளே அழுகை அதற்கு முன்பே நின்றிருந்தது.